வண்டிக்குத் தானுங்களே?

யுத்த காலத்தில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஒரு பழைய பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஆறியபின் அடியிலிருந்த குழாயைத் திறந்தேன். செம்மண் குழம்பாகத் துரு வழிந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினால்தான் வண்டி நகரும்.

குடத்தோடு போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

“வண்டிக்குத் தானுங்களே?” என்றாள், பஸ் ஜன்னல்களைப் பார்த்தபடி.

ஆமாம் என்றதும் ஊற்றினாள். அடுத்த குடத்துக்கும் அதே கேள்வி, அதே பார்வை. அதற்கடுத்ததற்கும் அப்படியே. எனக்குச் சந்தேகம் தட்டியது. என்னை ரேஷன் பெட்ரோலில் தண்ணீர் கலந்து விற்கிறவன் என்று நினைக்கிறாளா? இல்லை, தண்ணீரில்தான் ஏதாவது கோளாறா? குழாயில் வழிந்ததைக் கையில் பிடித்து முகர்ந்துகூடப் பார்த்தேன். தெளிவாகத்தான் வந்தது.

குழாயை மூடிவிட்டு, தாகத்தில் அவள் குடத்துக்குக் கை நீட்டினேன். சட்டெனப் பின்வாங்கினாள்.

“வேணாங்க. நாங்க சேரிங்க. போன வருசம் ஒரு லாரிக்காரரு வாங்கிக் குடிச்சாரு. ஊரு ஜனங்க பாத்ததும், இவ சேரின்னு சொல்லாம குடுத்துட்டான்னு சொல்லிட்டாரு. எங்க ஊட்டுக்காரரைக் கட்டி வச்சி அடிச்சாங்க.”

வண்டிக்கு முன்னால் குந்தியிருந்த என்னைப் பயணிகளால் பார்க்க முடியாது. “வண்டிக்குத்தாம்மா, ஊத்து” என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் குவித்தேன். தயங்கித் தயங்கி ஊற்றினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் என் கண் முதலில் போனது அந்த ஜன்னல்களுக்குத்தான். ஒரு வாய்த் தண்ணீருக்கு நான் பட்ட பயத்தை, அவள் ஒவ்வொரு குடத்தோடும் சுமந்து வந்திருக்கிறாள்.