"ஊத்துறா" என்றான் என் மகன்

1984இல் தீபாவளி முடிந்த மறுமாதம். மலேசியாவில் குவாலா சிலாங்கூருக்குப் பக்கத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தேன்.

நான் நாற்பதைத் தொட்ட பிறகு பிறந்த எங்கள் ஒரே மகனுக்கு அப்போது மூன்று வயது. பேச்சே வரவில்லை. வேண்டியதைக் கைகாட்டுவான், நாங்களும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். காதில் குறையில்லை என்று சொன்ன டாக்டர், எதைச் செய்தாலும் அவனிடம் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமாம்.

அதிலிருந்து குளிப்பாட்டும்போது, "தண்ணி ஊத்துறேன், முதுகு தேய்க்கிறேன்... யாரு ஊத்துறா?" என்று கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியிலிருந்து சிரிப்பாள்.

"புள்ள பேசலன்னு அப்பா பேச ஆரம்பிச்சிட்டாருலா! அண்ணே, அந்த வாளிகிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து வந்த மகன் என் சட்டையை இழுத்து, "ஊத்துறா" என்றான்.

முதல் சொல். என் மனைவி அவனை வாரியெடுத்து அழுதாள். எனக்கோ கேள்வி கேட்கும் பழக்கம் விடவில்லை.

"யாருப்பா ஊத்துறா?"

காத்திருந்தேன்.

"பாப்பா."

பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவோம். இவனைவிடச் சின்னவள்.

"பாப்பா என்ன ஊத்துறா?"

உதட்டைக் குவித்து, திணறி, "ஆரஞ்சு" என்றான்.

தீபாவளிக்கு மட்டுமே ஆரஞ்சு பானம் பாட்டிலில் வாங்கும் லயம் அது. எல்லாம் எப்போதோ குடித்துத் தீர்ந்துவிட்டது. காலி பாட்டிலில் சிலர் புல்லைக் கருக்க அடிக்கும் விஷ மருந்தை ஊற்றி வைப்பார்கள். துணியைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினேன்.

அந்தக் குழந்தை மருந்தைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். தட்டிவிட்டேன்.

"குடிச்சியாடி? வாயத் தொறடி!" என்று அலறியபடி அவள் அம்மா ஓடிவந்தாள். தோட்டத்து லோரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே எதுவும் போகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கிளம்பினோம். திரும்பி வந்ததும் அந்தப் பெண் என் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது மகன் பள்ளிக்கூடம் போகிறான், ஓயாமல் பேசுகிறான். அலுப்பில் சில நேரம் "சரி, போ" என்று சொல்ல வாயெடுப்பேன். அந்தச் சிரட்டை கண்முன் வந்துவிடும்; கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன்.