சதுப்பில் போட்ட வட்டம்

வைகூரா தன் அறுபத்தாறு வயதுக்குள் ஒரே ஒரு பெரிய பொய்தான் சொன்னாள். அதையும் வாயால் சொல்லவில்லை, சிவப்புப் பேனாவால் வரைந்தாள்.

முப்பது வருடமாக அந்த மலைச்சாலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பாதிரியாரின் பாட்டு சுருதி சேரவில்லை என்று பாதிரியாரிடமே சொன்னவள்.

அவர்கள் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி. குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைத் தங்கள் மண்ணில் புதைப்பார்கள். அப்போதுதான் பிள்ளை எங்கே போனாலும் அதற்கு ஒரு இடம் இருக்கும். வைகூரா வீட்டில் அந்த இடம் தலைமுறைக்கு ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வருவார், எங்கே என்று மற்றவர்கள் கேட்கக்கூடாது. அப்பா சாகும்முன் மூத்த மகன் தமாதியை விட்டுவிட்டு இவளைத்தான் அழைத்துப் போனார். சாலை வளைவுக்கு மேலே, வெள்ளைக்காரர் பண்ணையாகிவிட்ட நிலத்துக்குள், கராகா மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளம்.

"வெளியாளுக்குக் காட்டாத. காட்டின இடமெல்லாம் நம்ம கைய விட்டுப் போயிருக்கு" என்றார்.

குலத்தின் சபையில் எழுந்து பேசும் உரிமை தமாதிக்கு வந்தது. ஆனாலும் இடம் தங்கைக்குப் போனதை அவர் மறக்கவில்லை.

ஒன்பது வருடம் முன்னால் கவுன்சில் புதிதாக நிலத் திட்டம் போட்டது. அதிகாரிகள் வரைபடத்தோடு குலத்தாரின் கூடத்துக்கு வந்தார்கள். உங்கள் புனித இடங்களை வட்டம் போட்டுக் காட்டுங்கள், யாருடைய நிலமாக இருந்தாலும் வட்டத்துக்குள் உங்களைக் கேட்காமல் ஒரு கல்லும் பெயராது என்றார்கள். மற்ற குடும்பங்கள் பதினொரு வட்டம் போட்டன. வைகூரா பேனாவை வாங்கினாள். அப்பா சொன்னது காதில் கேட்டது. பள்ளத்துக்கு முந்நூறு அடி கீழே இருந்த சதுப்பில் வட்டம் போட்டாள். தோண்டுகிறவன் சேற்றைத் தோண்டட்டும்.

தமாதி அதை நம்பினார். முன்னோரின் சதுப்பே என்று எழுந்து நின்று பேசினார், அழுதார், கூட்டமே அழுதது. கவுன்சில் சதுப்புக்கு வேலி கட்டிப் பலகையும் வைத்தது. வைகூரா பஸ்ஸில் அதைத் தாண்டும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

இந்த மார்ச்சில் மகள் மைரேவுக்குப் பெண் குழந்தை. தலை நிறையக் கறுத்த முடி, கொட்டாவி விட்டால் முகமே காணாமல் போகும் அளவுக்குச் சின்ன முகம். பார்த்துக்கொண்டே இருக்கலாம். நஞ்சுக்கொடி ஐஸ்கிரீம் டப்பாவில் ஃப்ரீசருக்குள் காத்திருந்தது. அந்த வாரமே பண்ணை விலைபோய்விட்டது, நாற்பது வீடு வரப்போகிறது என்று தெரிந்தது. வீடுகளுக்கான சாலை கராகா பள்ளத்தின் வழியாகப் போகிறது. வட்டத்துக்கு வெளியே என்பதால் யாரும் இவர்களைக் கேட்கவில்லை.

வைகூரா கவுன்சிலுக்கு ஓடினாள். மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். சதுப்பு பொய், பள்ளம்தான் உண்மை என்றாள். வீடு கட்டுகிறவரின் வக்கீல் பழைய வரைபடத்தை விரித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்ப பொய் சொன்னீங்க. இப்ப சொல்றது மட்டும் உண்மையா? ரோடு எங்க போகுதோ அங்க உங்க புனிதமும் எந்திரிச்சு வந்துடுது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நஞ்சுக்கொடி மக்கி மண்ணாகிவிடும், தோண்டிக் காட்டவும் ஒன்றுமில்லை. அவள் திரும்பி, குலத்தின் சார்பில் வந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குலமே சொன்ன மாதிரி.

தமாதி எழுந்தார். தங்கை பொய்க்காரி என்றால் மற்ற பதினொரு வட்டத்தையும் நாளைக்கே ஒவ்வொன்றாக அழிப்பார்கள். அது அவருக்குத் தெரியும். அப்பா யாரை அழைத்துப் போனார் என்பதும் நினைவிருந்தது.

"சதுப்புதான் உண்மை. என் தங்கச்சிக்கு வயசாயிடுச்சு, கொஞ்ச நாளா குழம்பிப்போயிருக்கா. பெரிசா எடுத்துக்காதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தாள். "அண்ணே, அப்பாவோட கொடியும் அங்கதான் கெடக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு யாரு காட்டினா?" என்று கையை உதறினார்.

பள்ளிக்கூடத்திலிருந்து அன்று மாலையே போன் வந்தது. புத்தி தடுமாறுகிறவளிடம் பிள்ளைகளை எப்படி ஏற்றி அனுப்புவது? பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கராகா மரங்கள் விழுந்தன.

மைரே பெரியமாமன் பேச்சை நம்பினாள். சனிக்கிழமை எல்லோரையும் சதுப்புக்குக் கூட்டினாள். தனியாகப் புதைக்கிற வழக்கமெல்லாம் போதும், இனி குடும்பமே சேர்ந்து செய்வோம் என்றாள். வைகூரா டப்பாவைக் கேட்டுக் கை நீட்டினாள்.

"நீ கார்லயே இரும்மா. எங்கயாவது கொண்டுபோய் வச்சிடுவ" என்று சொல்லி, மைரே கார்க் கதவை வெளியிலிருந்து பூட்டினாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தமாதி அருமையாகப் பிரார்த்தனை செய்தார். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. போட்டது மிதந்தது. மருமகன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அது உள்ளே போகும்வரை அழுத்திக்கொண்டே நின்றான்.