நைனாவின் பயமும் அம்மாவின் வண்டியும்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் எழுதித் தந்ததில் பலரும் அவரை "எதற்கும் அஞ்சாதவர்" என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மகளாகிய எனக்குத் தெரிந்த நைனா மிகவும் பயந்தவர். அந்தப் பயம் எனக்கும் வந்திருக்கிறது. அதோடுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளிப்பட்டுக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் நைனா பிறந்தார். கிணறு வற்றியதும் இளம் வயதிலேயே திருத்தணிக்கு வந்து சரக்கு டெம்போ ஓட்டினார். மாங்காயோ நூல் மூட்டையோ, எதை ஏற்றினாலும் வழியில் நிறுத்தி நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். "பின்னாடி வர்றவன் மேல விழுந்தா இன்னா பண்றது?" என்பார். அவர் ஓட்டிய காலம் முழுவதும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அம்மா பிறந்த ஊர் அம்மையார்குப்பம். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அம்மா வெளியே போவதையே விட்டுவிட்டார். ஊரில் பெரியம்மாவும் படுத்த படுக்கை. அக்காவோடு சில நாள் இருந்துவிட்டு வர அம்மாவுக்கு ஆசை. ஆனால் தறிகள் அடைத்துக்கொண்ட அந்தச் சிறிய வீட்டில் அம்மாவுக்கேற்ற கட்டில் இல்லை, உட்கார்ந்து எழும் கழிப்பறையும் இல்லை. "அவ போறதுக்குள்ள ஒருவாட்டி பாத்துடணுங்க" என்று ஒரு நாள் நைனாவிடம் அழுதார். கொஞ்ச நாளில் நைனா ஒரு பழைய டிரெய்லரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். எங்கள் ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு சின்ன வீடு கட்டப்போகிறேன் என்றார். அம்மா ஜீப்பில் வரலாம். போன இடத்தில் அந்த வீட்டில் தங்கலாம்.

இரும்புச் சட்டத்தையும் பிளைவுட்டையும் அவரே பொருத்திவிட்டார். மழை இறங்காமலிருக்க மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட வேண்டும். எந்தப் பசையால் ஒட்டுவது என்பதில்தான் எங்கள் பயம் தொடங்கியது.

முதலில் தச்சர்களின் வெள்ளைப் பசையைத் தடவினார். மரம் அதைக் குடித்தது, பிளாஸ்டிக் குடிக்கவில்லை. ஒரு மழைக்கே ஷீட் உரிந்து தொங்கியது. அடுத்து, செருப்புக் கடைகளில் இருக்கும் மஞ்சள் ரப்பர் பசை. உள்சுவருக்கு அதைப் பூசும்போது தூசி படியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். வேலையிலிருந்து வந்த நான் தட்டினேன். பதில் இல்லை. திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. நைனா சுவரோரம் சரிந்து, கண் பாதி திறந்தபடி கிடந்தார். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். எதிர்வீட்டு மாமா ஓடிவந்து காலைப் பிடித்தார். வாசலில் கிடத்தி விசிறியபோது அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கத்தினேன். வெகுநேரம் கழித்து, "ஆங்... கத்தாதம்மா, உங்கம்மா பயந்துக்குவா" என்றார். உள்ளே அம்மா எழுந்து வர முடியாமல் இடக்கையால் கட்டிலை அடித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் கதவைத் திறந்துவைத்தே வேலை செய்தார். பசையும் நன்றாகப் பிடித்ததுபோல் தோன்றியது. ஆடிக் கிருத்திகைக்கு முன் ஒரு நாள், அம்மா இல்லாமல், ஆர்.கே.பேட்டை சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்டினேன், நைனா பக்கத்தில். ஓரமெல்லாம் காவடி எடுத்து நடந்து வருபவர்கள். உச்சி வெயிலில் பசை இளகியது எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் படபடவென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். கூரை ஷீட் முழுதாக எழும்பிப் பறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணின் தலைக்கு மேலாகப் போய் வயலில் விழுந்தது.

நைனா இறங்கி ஓடினார். அந்தப் பெண்ணுக்கு முன் போய் நின்றதும் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் ஆவலண்ணா, எழுந்திருங்க" என்று அவள்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அந்தக் குழந்தையின் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்மா, நிறுத்திடலாம். ஒரு உசுரு போயிருந்தா?" என்றார் வீட்டுக்கு வந்ததும். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டி மாதக்கணக்கில் மூடியே கிடந்தது.

பிறகு யாரிடமும் சொல்லாமல் நைனா விசாரிக்கத் தொடங்கினார். மீன் வண்டிக்குப் பெட்டி கட்டும் ஒருவர் அரக்கோணத்தில் சொன்னாராம்: "பிளாஸ்டிக்கு வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். கூடவே நீளுற பசையா பாருங்க." நைனா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பிளைவுட் பலகைகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பசையால் பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, அதில் செங்கல்லைத் தொங்கவிட்டார். கோடை முழுவதும் அவை வெயிலில் காய்ந்தன. சமைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் தொப்பென்று ஒரு செங்கல் விழும். எனக்கு உடம்பு தூக்கிப்போடும். அவ்வளவு அழுத்தமாகப் பிடித்த எபாக்ஸிப் பசையும் ஒரு நாள் விரிசல் கண்டு உதிர்ந்தது. துப்பாக்கி போன்ற கருவியில் வைத்துப் பிதுக்கும், ரப்பர்போல் நீளும் பியூ பசை மட்டும் விடவில்லை. அதிலும், உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டிய துண்டுதான் நின்றது. துடைக்காத துண்டு விழுந்தது.

அந்தப் பசையால் ஒட்டி முடித்த பிறகும், ஓரம் முழுக்க அலுமினியப் பட்டை வைத்துத் திருகாணி முடுக்கினார். "இன்னா நைனா, பசை மேல நம்பிக்கை இல்லியா?" என்றேன். "நம்பிக்கை கீது. பயமும் கீது" என்றார்.

அம்மையார்குப்பத்துக்குப் புறப்பட்டபோது அவர் ஜீப்பில் ஏறவில்லை. மொபெட்டில் பின்னாலேயே வந்தார், கூரையைப் பார்த்துக்கொண்டே. நான் ஸ்டியரிங்கை விரல் வலிக்கப் பிடித்திருந்தேன். அம்மா வாய்க்குள் முருகா முருகா என்றபடி வந்தார். ஷீட் அசையவில்லை. பெரியம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்து வண்டி வாசலில் வைத்தார்கள். உள்ளே அம்மாவும் வெளியே பெரியம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். நைனா தெருமுனைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

நெஞ்சு வலியை அவர் எவ்வளவு நாள் மறைத்தார் என்று தெரியாது. அம்மா பயந்துவிடுவார் என்று மறைத்திருப்பார். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்து, "பயமா கீதும்மா" என்றார். தமக்காகப் பயப்படுவதாக அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "நான் கீறேன் நைனா" என்றேன்.

அன்று வழிவிட்டு ஒதுங்கிய வாகன ஓட்டிகளுக்கும், கடைசிவரை போராடிய மருத்துவர், செவிலியர்களுக்கும், எதிர்வீட்டு மாமாவுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உற்றார் உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னும் ஓர் உதவி. திதி முடிந்ததும் அம்மா மீண்டும் பெரியம்மாவிடம் போக வேண்டும் என்கிறார். நான்தான் ஓட்ட வேண்டும். இந்த முறை பின்னால் யாரும் வரமாட்டார்கள். சாலையில் எங்கள் வண்டியைக் கண்டால், தயவுசெய்து ஒருமுறை கூரையைப் பாருங்கள். ஏதாவது ஆடினால் கைகாட்டி நிறுத்துங்கள்.