விறகும் எண்ணெயும் எரித்த உலை

டென்மார்க்கில் பதினாறு வருடம், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் பர்னர் திருத்தும் வேலை செய்தேன். லண்டனுக்கு வந்த பிறகு அந்த வேலைச் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையின் குளிரறையில் பெட்டி அடுக்குகிறேன். அதனால்தான், அண்ணை போன் எடுத்து, "தம்பி, வீட்டுப் பொயிலர் நிண்டுபோச்சு. ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?" என்று கேட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. டென்மார்க்கில் நான் போய் இறங்கிய முதல் குளிர்காலத்தில் தன் அறையில் பாய் போட இடம் தந்தவர். பிறகு அவரும் லண்டனுக்கு வந்து, சட்டன் நகருக்கு வெளியே கேஸ் குழாய் போகாத ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியிருந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குப் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "எனக்கு என்ர வீட்டில கிடந்து சாகவேணும்" என்று அக்கா கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அது ஜனவரி மாதம்.

அண்ணை பொயிலர் என்று சொன்னாலும் அது தண்ணீரைச் சூடாக்குவதல்ல. காற்றைச் சூடாக்கும் பழைய உலை. நிலக்கீழ் அறையில் நின்றது. ஒரு பக்கம் விறகு போடும் கூடு, மறுபக்கம் எண்ணெய் பர்னர். விறகு அணைந்தால் அதே கூட்டுக்குள் எண்ணெய் தானாகப் பற்றும். பின்னால் ஒரு விசிறி சூட்டை வாங்கித் தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்குத் தள்ளும்.

வடிகட்டி முழுக்கச் சேறு. எண்ணெயைப் பீச்சும் நொசில் அடைத்துக் கிடந்தது. அதே அளவில் இன்னொன்றைச் சவுத்தால் கடைகளில் தேடிப் பிடித்துக்கொண்டு மறுநாள் போனேன். பம்பில் இருந்த காற்றை வெளியேற்றினேன். மத்தியானம் நெருப்புப் பிடித்தது. புகைப்போக்கியில் இருந்து புகையை வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தேன், தாள் கறுத்தது; நெருப்புக்குக் காற்று போதவில்லை. பர்னருக்குக் காற்று விடும் காற்றுக் கதவை ஒரு மயிரிழை திறந்தேன், மறுபடி இழுத்தேன். நாலாவது தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை.

மேலே போனபோது, கட்டிலோடு ஒட்டியிருந்த காற்றுத் துவாரத்தில் அக்கா கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"காத்து சுடுது தம்பி. உமக்குப் புண்ணியம் கிடைக்கும்."

திரும்பக் கீழே வந்தேன். விசிறி சுழலத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், காற்றுக் கதவிலேதான் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் அதைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் உலையை நிறுத்தி, விறகுக் கூட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பின் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. நெருப்பின் புகை அந்த வழியாக விசிறிக் காற்றோடு கலந்து அக்காவின் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் கலந்திருக்கும் கார்பன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு.

ஓடிப்போய் யன்னல்களைத் திறந்தேன். அண்ணையைக் கூட்டிவந்து வெடிப்பைக் காட்டினேன்.

"ஒட்டேலாதோ?"

"வார்ப்பிரும்பு அண்ணை. ஒட்டினாலும் சூட்டில திரும்ப வெடிக்கும். செய்த கொம்பனியும் இப்ப இல்லை."

"ஒரு கிழமைக்கெண்டாலும் ஓட விடேலாதோ? அவ்வளவுதானே அவவுக்கு வேணும்."

"ஏலாது அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மின்சார ஹீட்டர் இரண்டைப் போட்டோம். பழைய வயரிங் தாங்காமல் வீடு முழுக்கக் கரண்ட் போனது. என் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், அது மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்த நேர்ஸ் அக்காவின் கைகளைத் தொட்டுவிட்டு, இந்தக் குளிரில் இங்கே வைத்திருக்க முடியாது என்றார். பின்னேரம் அம்புலன்ஸ் வந்தது. அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆறாம் நாள், ஆஸ்பத்திரியில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, அக்கா போய்விட்டார்.

செத்தவீட்டில் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ அந்தக் கூட்டுக்குள்ள பாக்காமல் விட்டிருக்கலாம்."

நான் செய்தது சரி என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். முதல் நாளே உள்ளே பார்த்திருந்தால் பனி தொடங்குமுன் ஓர் எலக்ட்ரீசியனைப் பிடித்து, ஹீட்டர் தாங்கும்படி வயரையாவது மாற்றியிருக்கலாம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணையிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் எனக்குப் போன் எடுப்பதும் நின்றுவிட்டது.