ஏரிக்கரையில் நாற்பத்து மூன்று பேர்

செவ்வாய், காலை. சென்ட்ரலிலிருந்து ரயில் இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. என்னிடம் மூன்று உருப்படிகள்: படுக்கைச் சுருள், காமிராப் பெட்டி, முக்காலி. அரக்கோணத்தில் எண்ணினேன், மூன்று. திருத்தணியில் எண்ணினேன், மூன்று. எதிரே இருந்த பயணி, "பெரியவரே, அதுங்க எங்கயும் நடந்து போயிடாது" என்றார். அவருக்கு என்ன, அவரிடம் ஒரே ஒரு பை.

என்னை வரச்சொல்லி எழுதியவர் தசரதன். என் பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர். புத்தூருக்குக் கிழக்கே நான்கு மைலில் ஒரு சிறிய ஊரில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு எல்லைக் கோடு எங்கே விழும் என்று அந்தப் பக்கமெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. வெள்ளிக்கிழமை சித்தூரில் அதிகாரிகள் மனு வாங்கப் போகிறார்கள். ஊரில் வயது வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர், அத்தனை பேரும் தமிழர். ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி எல்லோரும் மனுவில் கைநாட்டு வைத்தாயிற்று. "கைநாட்டை எவன் நம்புவான்? ஊரே ஏரிக்கரையில் நிற்க ஒரு போட்டோ வேண்டும்" என்று தசரதன் எழுதியிருந்தார். படத்தை மனுவோடு கோத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியன். எனக்கு வேறொரு ஆசையும் இருந்தது. அந்த ஏரிக்கு நேர் பின்னால் நகரி மலை. மல்லாந்து படுத்திருக்கும் ஒருவனின் மூக்கைப்போல அதன் உச்சி வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ரயிலில் போகும்போதெல்லாம் பார்த்து ஏங்கியிருக்கிறேன். மார்கழிப் பனியில் அந்த முகத்தைப் பிடிக்க வேண்டும்.

புத்தூர் ஸ்டேஷனில் தசரதன் வண்டியோடு நின்றார். வழியெல்லாம் ஒரே கவலைதான் அவருக்கு. "எல்லாரும் தெரியணும் சாரு. ஒரு தலை கொறஞ்சாலும், இன்னாடா ஒங்க கணக்குன்னு கேப்பான்."

"தலைகளை நான் எண்ணிக்கொள்கிறேன்" என்றேன்.

புதன், விடியற்காலை. பனியில் முழங்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. கரையின் கீழே அறுபது அடி தள்ளி முக்காலியை நட்டேன்.

கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை சொல்ல வேண்டும். நிறம் நமக்கு உதவாது. பச்சை வயலும் சிவந்த மண்ணும் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும். ஆகவே வெளிச்சத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். லென்ஸின் துளையை ஊசிக்கண்ணாகச் சுருக்கி, முன்னால் சிவப்புக் கண்ணாடியை மாட்டி, ஒரு நிமிடம் முழுதும் திறந்து வைத்தால், அலைகிற தண்ணீர் பாலேடு கட்டினாற்போல் உறைந்துவிடும். பனி தரையில் படிந்து நகரும் தடம்கூட விழும். பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாமல் முதுகு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் எழுபது மைல் வந்திருந்தேன்.

கரைமேல் ஊர் வந்து நின்றது. எண்ணினேன்: நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். வலது கோடியில், மற்றவர்களிடமிருந்து இரண்டு மூன்று ஆள் தள்ளி, சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண்மணி. நாற்பத்து மூன்று.

"அந்த அம்மாளைச் சேர்ந்து நிற்கச் சொல்லுங்கள்" என்று வரிசையில் நின்ற தசரதனுக்குக் குரல் கொடுத்தேன்.

"குப்பம்மா, சாரு. தாலி அறுத்தவ. அவ பக்கத்துல எவளும் நிக்கமாட்டா. இருக்கட்டும், வுடுங்க."

நான் கையை உயர்த்தி உரக்கச் சொன்னேன்: "ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது. கண்ணை மூடாதீர்கள். மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளுங்கள்!"

கரையில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. லென்ஸைத் திறந்தேன். கையிலிருந்த கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அறுபதுவரை எண்ணினேன். கரைமேல் ஏதோ சரசரவென்று ஓசை. காய்ந்த நாணல் என்று நினைத்தேன். மூடிவிட்டு நிமிர்ந்தபோது எல்லோரும் வரிசையாகத்தான் நின்றார்கள்.

புதன், பிற்பகல். பஸ்ஸில் திருப்பதி. கோவிலுக்குப் போகும் கூட்டத்தில் காமிராப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு மணி நேரம். ரயிலடிக்கு அருகே ஒரு ஸ்டூடியோவில் இருட்டறையைக் கேட்டு வாங்கினேன். உரிமையாளர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். சிவப்பு விளக்கடியில் இருவரும் மருந்துத் தட்டின்மேல் குனிந்திருந்தோம்.

முதலில் மலை வந்தது. படுத்திருந்தவனின் நெற்றி, மூக்கு, மோவாய். பிறகு பால்போலத் தண்ணீர். பிறகு கரை.

கரைமேல் யாருமில்லை.

தட்டை ஆட்டினேன். இன்னும் வரும் என்று காத்திருந்தேன். புகை மாதிரி மெல்லிய கோடுகள் மட்டும் கரை நெடுகிலும் எழுந்து பனியோடு கலந்தன. வலது கோடியில் ஒருத்தி நின்றாள். சேலை மடிப்பு, மூக்கின் நிழல் எல்லாம் கல்லில் செதுக்கினதுபோல அவ்வளவு தெளிவு.

"ஏமண்டி சார்," என்று உரிமையாளர் குரலைத் தாழ்த்தினார், "ஊள்ளோ மனுஷுலே லேரா? ஊர்ல ஆளுங்களே இல்லையா, இந்தம்மா மட்டும் தனியாவா இருக்காங்க?"

என் நாற்பது வருடப் பழக்கத்தில் அவ்வளவு நல்ல படம் விழுந்ததில்லை. மனுவுக்கு அதைவிடக் கெட்ட படமும் இருக்க முடியாது.

வியாழன், காலை. தசரதன் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இத்தக் குடுத்தா, ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குடா எல்லைன்னு தொரத்துவான்."

"அசையக் கூடாது என்று சொன்னேனே!" எனக்கும் கோபம். "யார் நடந்தது?"

"எல்லாருந்தான். நானும்." தசரதன் தலையைச் சொறிந்தார். "சாரு, எங்க ஊர்ல போட்டோ புடிக்கிறதுன்னா பொணத்தத்தான். குளிப்பாட்டி, நாற்காலியில சாச்சி வெச்சி, புத்தூர்லருந்து ஆள இட்டாந்து புடிப்பாங்க. நீங்க இன்னாடான்னா ஆடாத, மூச்சு வுடாத, கண்ண மூடாதன்றீங்க. எவன் நிப்பான்? நீங்க கடியாரத்தப் பாத்துக்கினு இருந்தீங்க. நாங்க அப்டியே இப்டியும் அப்டியும் நடந்துக்கினு இருந்தோம்."

பின்னாலிருந்த ஒருவன், "நல்லவேள மாமா, நாம தப்பிச்சோம்" என்றான். சிரிப்பு எழுந்தது. படம் கைமாறக் கைமாற அது அடங்கியது. எல்லோரும் குப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் ஓரடி நகர்ந்தார்கள்.

அவள் வந்து படத்தை வாங்கினாள். "எனக்கு எப்பிடி நிக்கணும்னு தெரியும் அய்யா. எங்க வூட்டுக்காரருக்குப் புடிச்சாங்களே, அன்னிக்கி நாற்காலி பக்கத்துல என்னத்தான் நிக்க வெச்சாங்க. ஆடாதம்மான்னான். ஆடல." தன் உருவத்தின் அருகில் இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

தசரதனிடம் சொன்னேன்: உச்சி வெயிலில் எடுத்தால் கண்சிமிட்டும் நேரம் போதும். நடக்கலாம், பேசலாம், தின்னலாம். பனியும் சிலிர்ப்பும் கிடையாது, ஆனால் ஆட்கள் இருப்பார்கள். உடனே ஊருக்கே உயிர் வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கரை நிறைந்தது. ஒருவன் வெற்றிலை மென்றான். ஒருத்தி கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். எண்ணினேன்: நாற்பத்திரண்டு. குப்பம்மா தன் வயல் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வா குப்பம்மா!" என்று தசரதனே கூப்பிட்டார். "நீ இல்லாம கணக்கு கொறையுது!"

"அதுலதான் நா நிக்கிறேனே," என்று அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இதுலயும் நின்னா என்ன ரெண்டு தபா எண்ணிடுவாங்க. அப்பறம் கணக்கு தப்பு."

கணக்கு என்று பார்த்தால் அவள் சொன்னது சரி. லென்ஸைத் திறந்து கண்சிமிட்டும் நேரத்தில் மூடினேன்.

வெள்ளி. முந்தின மாலையே திருப்பதியில் இரண்டாவது படத்தையும் கழுவிவிட்டு, விடிந்ததும் நானும் தசரதனும் சித்தூர் பஸ் ஏறினோம். சந்திரகிரியில் தூறல். கோட்டைக்குள் அரண்மனை நனைந்துகொண்டு நின்றது. ஜன்னல்களில் ஒரு முகம் இல்லை. வேறு நாளாக இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பேன். அன்று காமிராப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. புத்தலப்பட்டில் தேநீர் குடித்தோம், கழுநீர் தேவலை.

சித்தூரில் மனு வாங்கிய குமாஸ்தா தாள்களைப் புரட்டினார். "ரெண்டு போட்டோ எதுக்கு?"

தசரதன் கைகட்டி நின்றார். "ஊரு மொத்தமும் ஒரே போட்டோவுல அடங்கல சாமி."

குமாஸ்தா வெயில் படத்தில் பேனா முனையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டார். பிறகு பனிப் படத்தைப் பார்த்தார். "இந்தம்மாவோட நாப்பத்தி மூணு. சரி." இரண்டையும் சேர்த்து ஒரே குண்டூசி குத்தினார். தசரதன் வெளியே வந்து, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததுபோல, ஒரு பெருமூச்சு விட்டார்.

கோடு கடைசியில் அந்த ஊருக்குத் தெற்கேதான் விழுந்தது. ஊர் ஆந்திராவிலேயே இருக்கிறது. தசரதன் கடிதத்தில் இப்போது நடுநடுவே தெலுங்கு வார்த்தைகள்.

பனிப் படத்தைச் சென்னையில் பெரிதாகப் போட்டு என் அறையில் மாட்டியிருக்கிறேன். இந்த நகரத்தில் என் ஜன்னலுக்குக் கீழே ஆயிரம் பேர் போகிறார்கள். ஒருவரையும் எண்ணத் தோன்றுவதில்லை. வருகிற நண்பர்கள், "ஆளில்லாத இடத்தில் என்ன ஒரு அமைதி!" என்கிறார்கள். ஆளில்லாத இடமா? உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்தப் புகைக்கோடுகளை எண்ணியிருக்கிறேன். நாற்பத்திரண்டு இருக்க வேண்டும்.

நாற்பத்து மூன்று இருக்கின்றன. யாரோ ஒருவர் இடம் மாறி ஒரு கணம் நின்றிருக்கலாம். அப்படி நின்றால் இரண்டு கோடு விழும். அதுதான் காரணம். ஆனால் அதிகப்படியான அந்தக் கோடு விழுந்திருப்பது குப்பம்மாவின் பக்கத்தில், அன்று யாரும் போய் நிற்காத இடத்தில். அதன் உயரம், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த ஒரு மனிதனின் உயரம்.