ஏகாதசியன்று ஒரு பாட்டில் தண்ணீர்

கர்ப்பப்பையை எடுத்த பிறகும் புற்றுநோய் அக்கம்பக்கத்தில் பரவியிருந்தது. கதிர்வீச்சு மட்டும் போதாதா என்று டாக்டரிடம் கேட்டேன். "கீமோவும் சேர்ந்தாதாம்மா பலன். நடுவுல நாள் விடாம வரணும்," என்றார். அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. என் கணவர் ஆட்டோக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டே வருவார். எங்களில் யாருக்கு வியாதி என்று அந்த ஆளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

கதிர்வீச்சுக்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் ஒதுங்கிக்கொள்ளும். வராந்தாவில் பெண்கள் எல்லோரும் கால்மேல் கால் போட்டு, சிரித்தால் ஆபத்து என்று உட்கார்ந்திருப்போம். மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அம்மா மட்டும் வேண்டுமென்றே எங்களைச் சிரிக்க வைப்பார்.

சிகிச்சையின் பதினோராம் நாள் ஏகாதசி. கல்யாணமானதிலிருந்து நான் அன்று பல்லில் பச்சைத் தண்ணீர் படவிட்டதில்லை. சாவுக்குப் பயந்துகொண்டிருக்கும்போதா விரதத்தை விடுவது? இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "தண்ணி குடிச்சாச்சாம்மா?" என்று கேட்ட நர்ஸிடம் "ஆச்சு" என்று புளுகினேன். ஏகாதசியன்று தண்ணீர்தான் கூடாது, பொய் சொல்லலாம் போலிருக்கிறது.

மெஷினிடம் புளுக முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்த டெக்னீஷியன், "பை காலியா இருக்கும்மா. இப்படியே குடுத்தா குடலுக்குக் கெடுதல். ஒரு மணி நேரத்துல நிரம்பலேன்னா இன்னிக்குக் கிடையாது," என்று வெளியே அனுப்பிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்து அழுதேன். விஷயத்தைக் கேட்ட அந்த ஜவுளிக்கடை அம்மா தன் பாட்டிலை நீட்டினார்.

"போன ரம்ஜானுக்கு நான் நோன்பே வைக்கல மாமி. நோயாளிக்கு விலக்கு இருக்குன்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லிட்டாங்க. ஒங்க பெருமாளுக்கு மட்டும் இரக்கம் இல்லாமலா போயிடும்? குடிங்க."

இத்தனை வருஷ ஏகாதசியும் கணவருக்காக, பிள்ளைகளுக்காக. எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை. "ரங்கா, நேக்கு உயிரோட இருக்கணும்போல இருக்கு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அந்தப் பாட்டிலை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அன்றைய கதிர்வீச்சு தவறவில்லை. என்னை உள்ளே கூப்பிடும்வரை அந்த அம்மா ஒரு தடவைகூடச் சிரிக்க வைக்கவில்லை.