அரைப்பேர் வோட்டு

"குறுக்க இழு ராக்காயி, குறுக்க! ஒன் புருசன் போட்ட கோட்டு மேலயே போட்டா அது எப்படிப் புள்ளடியாகும்?"

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சாய்த்து வைத்த தேயிலைப் பெட்டிப் பலகையில், வோட்டு ஒத்திகைக்குச் சின்னங்களாகக் கரியால் ஒரு கோழியும் ஒரு கோடாலியும் வரையப்பட்டிருந்தன. ராக்காயி குடத்தை இறக்கிவிட்டுப் பென்சிலை வாங்கியிருந்தாள். அவள் புருசன் பழனியாண்டி கோழிக்கு எதிரே தன் கோட்டைப் போட்டாயிற்று.

"எனக்குக் கோழி வேணாம்ண்ணே. நான் கோடாலிக்குத்தான் போடுவேன்."

"சோடிக்கு ஒரு வோட்டு. வீட்டுலயே பேசி முடிச்சிக்கிட்டு வரணும்."

"இந்த மனுசன்கூட நான் பேசி ஆறு மாசமாச்சு."

ஆண்டியப்பன் பென்சிலைப் பிடுங்கிக் காதில் செருகிக்கொண்டார். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எழுதத் தெரியாத ஆளுக்குப் பென்சில் எதற்கு என்று கேட்டால், "புள்ளடி போடத் தெரியுமுல்ல" என்பார். போட்டது ஒரே ஒரு தடவை, நாற்பத்தேழாம் வருசத் தேர்தலில். வோட்டுச் சாவடிப் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க மறந்து காதோடு கொண்டுவந்துவிட்டார். அடுத்த தேர்தலுக்குள் தோட்டத்து ஆட்களின் குடியுரிமை போயிற்று. வோட்டு இடாப்பில் இருந்த பெயரும் போயிற்று. பென்சில் மட்டும் மிச்சம். சீவிச் சீவி இப்போது கட்டைவிரல் அளவு.

ஐம்பத்தொன்பதில், தொகுதிகளைப் புதிதாகப் பிரிக்கப்போகிறார்கள் என்று தோட்டப் பள்ளிக்கூடத்துப் பரமலிங்கம் மாஸ்டர் பேப்பர் பார்த்துச் சொன்னார். பிரிக்கும்போது வோட்டில்லாத தோட்டத்து ஆட்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்களாம்.

"தலைய எண்ணுறப்ப ஆளு, வோட்டுப் போடுறப்ப தேயிலச் செடியா?" என்றார் ஆண்டியப்பன்.

ஒரு வாரம் யோசித்தார். வழி கணக்கப்பிள்ளை ஆள்வரவு குறிக்கிற புத்தகத்திலேயே இருந்தது. நாள் முழுக்க வேலை செய்தவனுக்கு முழுப்பேர். பெயருக்கு எதிரே குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு, ஒரு புள்ளடி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு அரைநாள் கணக்கு, அதாவது அரைப்பேர், ஒற்றைக் கோடு. தலையை எண்ணுகிற சர்க்கார், ஆளுக்கு அரைப்பேராவது போடட்டும். இரண்டு அரை ஒரு முழு. ஆளுக்கு ஒரு கோடு, சோடிக்கு ஒரு புள்ளடி.

கொழும்புக்கு மனு எழுத மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அரைப்பேரை இங்கிலீசில என்னெண்டு எழுதிறது? கொழும்பில இருக்கிறவைக்கு விளங்காது, கண்டீரோ."

"பேருன்னா பேருதான் மாஸ்டர். அரைன்னா அரை. அப்படியே எழுதுங்க."

மாஸ்டர் 'ஹாஃப் நேம்' என்று அப்படியே எழுதினார்.

ஆண்டியப்பன் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சோடி சேர்த்தார். மாமியாரும் மருமகளும் சேர மறுத்தார்கள். பங்காளிகள் இரண்டு பேர், முதல் கோடு யாருக்கு என்று கைகலந்தார்கள். அதையெல்லாம் தீர்த்துவைத்தவருக்கு, பெண்டாட்டி போய்ச் சேர்ந்து தனி ஆளாக இருந்தவருக்கு, தனக்கென்று ஒரு சோடி அமையவில்லை. புருசனில்லாத மீனம்மாவைக் கேட்டுப் பார்த்தார்.

"வோட்டுல ஆரம்பிச்சு எதுலங்க கொண்டாந்து நிறுத்துவீங்க?" என்று அவள் வாளியை ஓங்கினாள்.

மூன்றாம் மாதம் கொழும்புச் சர்க்கார் கந்தோர் ஒன்றிலிருந்து பதில் வந்தது. மாஸ்டர் பீலிக்கரையில் நின்று தமிழில் சொன்னார்:

"அரைப்பேர் செல்லாதாம். முழுப்பேர்தான் வேணுமாம்."

"முழுப்பேரா! அரை கேட்டோம், முழுசாவே தாறாங்களா!"

"பொறும் ஆண்டியப்பன், தாறதெண்டு இல்லை. உம்மட பேரை முழுசா எழுதி—"

அதற்குள் யாரோ தப்புமேளத்தை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ராக்காயி கோடாலிக்கு எதிரே தனி ஆளாக ஒரு முழுப் புள்ளடி போட்டாள். ஆண்டியப்பன் வீடு வீடாக ஓடினார். "சோடி வேணாம், பிரிஞ்சுக்கங்க! எல்லாரும் பிரிஞ்சுக்கங்க!"

கடைசி லயத்தில்தான் மாஸ்டரால் அவரைப் பிடித்து நிறுத்த முடிந்தது. மனுக்காரரின் பெயரை முழுதாக எழுதித் திரும்ப அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான் என்று கடிதத்தை இரண்டு தடவை விளக்கினார். ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டார். 

மறுநாள் மழை. ஆண்டியப்பன் பெரட்டுக்குப் பிந்திப் போனார். கணக்கப்பிள்ளை அவர் பெயருக்கு எதிரே ஒற்றைக் கோடு போட்டார். ஆண்டியப்பன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, புத்தகத்தின் மேல் குனிந்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு இழுத்தார். பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.